வீட்டுப் பிராணிகளும் நச்சுச் செடிகளும்

காலையில் துள்ளிக்கொண்டு மேயப் போன ஆடு, பொழுது சாய்வதற்குள் வாயில் நுரை தள்ளி, கால் விறைத்துக் கிடந்தால், லயத்தில் முதலில் எழுகின்ற கேள்வி என்ன? "யார் மருந்து வைத்தது?" என்பதுதான். பக்கத்து வீட்டுக்காரரின் கீரைப் பாத்தியை அதே ஆடு போன வாரம் மேய்ந்திருக்கும். அவரும் இரண்டு வார்த்தை சத்தம் போட்டிருப்பார். உடனே சந்தேகம் அவர்மேல் போய் விழுகிறது. இன்னும் சிலர், "கண் பட்டுவிட்டது அண்ணே, யாரோ செய்வினை செய்துவிட்டார்கள்" என்று பூசாரியைத் தேடிப் புறப்படுகிறார்கள். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மற்றவர் அடுப்பு மூட்டிப் பழகிய இரண்டு குடும்பங்கள் ஓர் ஆட்டுக்காகப் பேச்சை விட்டுவிடுகின்றன. ஆட்டைக் கொன்றதோ, நம் வீட்டுக் கொல்லையில் நாமே நட்ட மரவள்ளியாக இருக்கலாம்.

நாம் வளர்க்கும் ஆடு, மாடு, கோழி, நாய், பூனை ஆகியவற்றுக்கு நம்மைச் சுற்றியுள்ள செடிகளால் என்ன கேடு வரும், அதை எப்படித் தவிர்க்கலாம் என்பதைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம். இது சின்ன விஷயம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தோட்டத்துக் குடும்பத்திற்கு ஆடும் மாடும் வெறும் பிராணிகள் அல்ல. பிள்ளையின் படிப்புச் செலவும், மகளின் கல்யாணச் செலவும், கோயில் திருவிழாவுக்கு நேர்ந்துவிட்ட கிடாயும் அந்தக் கொட்டகையில்தான் கட்டியிருக்கின்றன. பல தோட்டங்கள் இன்று துண்டாடப்பட்டு, நம்மவர் பலர் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபோய்விட்டார்கள் என்பது உண்மையே. ஆனால், போன இடத்திலும் ஒரு நாயையோ பூனையையோ வளர்க்காமல் இருப்பவர்கள் குறைவு. வாசலில் பூச்சட்டி வைக்காத வீடும் குறைவு. ஆகையால் இந்தப் பேச்சு அவர்களுக்கும் பொருந்தும்.

மரவள்ளியிலிருந்தே தொடங்குவோம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி நடந்த காலத்தில், அரிசி கிடைக்காமல் தோட்டத்து மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்ததற்கு இந்தக் கிழங்குதான் பெருந்துணையாக இருந்தது. அக்காலத்துப் பாட்டிமார் கிழங்கைத் தோலுரித்து, நறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து, திறந்த சட்டியில் நன்றாக வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கசக்கும் கிழங்கை ஒதுக்கினார்கள். அவர்கள் ஏட்டில் படித்துச் செய்யவில்லை. அனுபவம் சொல்லிக் கொடுத்த பாடம் அது. நமக்குச் செய்கிற அந்தக் காரியத்தை ஆட்டுக்கு நாம் செய்வதில்லை. உரித்த பச்சைத் தோலை அப்படியே வாரி ஆட்டுத் தொட்டியில் போடுகிறோம். கிழங்கைப் பிடுங்கிய பின் தழையை முழுவதும் ஒடித்துக் கொட்டகையில் கட்டித் தொங்கவிடுகிறோம்.

மரவள்ளியின் இலை, தண்டு, தோல், கிழங்கு எல்லாவற்றிலும் லினமாரின் என்றொரு பொருள் இருக்கிறது. அது இருக்கிறபடி இருக்கும்வரை பெரிய கேடில்லை. ஆனால் இலையை மென்றாலோ, நசுக்கினாலோ, செடியிலேயே உள்ள வேறொரு பொருள் அதனோடு கலந்து, சயனைடு எனும் கொடிய நஞ்சு வெளிப்படுகிறது. அசைபோடும் பிராணிகளின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களும் இந்த வேலையை விரைவாகச் செய்து முடித்துவிடும். ஆகவேதான் ஆடும் மாடும் மற்றப் பிராணிகளைவிட இதற்கு எளிதில் பலியாகின்றன. கிழங்கின் சதையைவிடத் தோலில் நஞ்சு அதிகம். முற்றிய இலையைவிடக் கொழுந்தில் அதிகம். கசப்பு வகைகளில் எல்லாமே அதிகம்.

"என் ஆடு பத்து வருடமாக மரவள்ளித் தழை தின்கிறது, ஒன்றும் ஆகவில்லையே!" என்று கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யல்ல. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும் சயனைடை ஆட்டின் உடம்பே மாற்றி வெளியேற்றிவிடுகிறது. நாள்தோறும் நான்கு இலை கடிக்கிற ஆடு பிழைத்துக்கொள்ளும். மழை காரணமாக இரண்டு நாள் கொட்டகையில் பட்டினி கிடந்த ஆடு, கயிற்றை அறுத்துக்கொண்டு போய் ஒரு பாத்தி முழுவதையும் ஒரே மூச்சில் மேய்ந்தால், வெளியேற்றும் வேகத்தைவிட நஞ்சு சேரும் வேகம் மிஞ்சிவிடும். பத்து வருடம் ஒன்றும் ஆகாதது பதினோராம் வருடம் ஒரு நாள் பகலில் ஆகிவிடுவது இப்படித்தான்.

அதன் அறிகுறிகளை நேயர்கள் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். தின்ற சிறிது நேரத்தில் ஆடு வேகமாக மூச்சு வாங்கும். தள்ளாடும். உடம்பு நடுங்கும். கீழே விழுந்து கால்களை உதைத்துக்கொள்ளும். உதட்டைத் திறந்து ஈறுகளைப் பார்த்தால் வழக்கத்தைவிடப் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். இரத்தத்தில் காற்று இருந்தும் உடம்பால் அதைப் பயன்படுத்த முடியாமல் போவதே இதற்குக் காரணம். சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் கதை முடிந்துவிடும். கால்நடை மருத்துவரிடம் இதற்கு மாற்று ஊசி உண்டு. சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்ஃபேட் என்று அவற்றைச் சொல்வார்கள். ஆனால் மருத்துவர் வருவதற்குள் ஆடு போய்விடுவதே பெரும்பாலும் நடக்கிறது. எனவே வருமுன் காப்பதைத் தவிர நமக்கு வேறு வழி குறைவு.

அதற்காக மரவள்ளியை வெட்டி எறிய வேண்டியதில்லை. தழையையும் தோலையும் சிறுசிறு துண்டாக நறுக்கி, சிமெண்டுத் தரையில் மெல்லியதாகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் மொறமொறவென்று காயவிட்டால் நஞ்சின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். அப்படிக் காய்ந்ததைப் புல்லோடு கலந்து, கொஞ்சமாகத் தொடங்கிக் கொடுக்கலாம். நல்ல சத்துள்ள தீவனமே அது. மழைக்காலத்தில் காயவைக்க வழியில்லை என்றால் அந்த நாட்களில் கொடுக்காமல் இருப்பதே மேல். மரவள்ளிப் பாத்திக்கு வேலி, ஆட்டுக்குக் கயிறு, இரண்டில் ஒன்றாவது உறுதியாக இருக்க வேண்டும். கிழங்கு ஊறிய தண்ணீரையும், மாவு பிழிந்த தண்ணீரையும் வாத்தும் நாயும் குடிக்கும் பள்ளத்தில் ஊற்றக்கூடாது.

மரவள்ளியைப் பற்றி அறிந்தவர்கள்கூட, அதே நஞ்சு கித்தா மரத்திலும் இருக்கிறது என்றால் வியப்படைகிறார்கள். நம் பாட்டன் பூட்டன் காலந்தொட்டு நாம் பால் வெட்டிய அதே மரந்தான். மரவள்ளியும் ரப்பரும் தாவர சாஸ்திரப்படி ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆமணக்கும் அந்தக் குடும்பமே. காய் முற்றி 'டப், டப்' என்று வெடித்துக் கொட்டைகள் சிதறும் பருவத்தில், பிள்ளைகள் அவற்றைப் பொறுக்கி வந்து விளையாடுவது நாம் எல்லோரும் கண்டதே. சிலர் உள்ளே இருக்கும் பருப்பை எடுத்துக் கோழிக்கும் பன்றிக்கும் போடுகிறார்கள். தீவனச் செலவு மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. பச்சைப் பருப்பில் லினமாரின் இருக்கிறது. இளந்தழையிலும் இருக்கிறது. காற்றில் ஒடிந்து விழுந்த கித்தாக் கிளையை ஆட்டுக்கு இழுத்துப் போடுவது நல்லதல்ல.

கொட்டையை முறையாகப் பக்குவம் செய்தால் அது தீவனமாகும் என்பதும் உண்மை. நன்றாகக் காயவைத்து, நாட்பட வைத்திருந்து, பிறகு உடைத்துத் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவைத்து, தண்ணீரை வடித்துவிட்டால் நஞ்சு வெகுவாகக் குறைந்துவிடும். பகாங் மாநிலத்தில் மலாய்க்காரர்கள் இந்தக் கொட்டையை அவித்து, இடித்து, பதப்படுத்தி 'அசாம் ரோங்' என்ற பொருளைச் செய்து மீன் குழம்பில் சேர்க்கிறார்கள். பக்குவம் தெரிந்தவர் கையில் அது உணவு. தெரியாதவர் கையில் அதுவே நஞ்சு. கோழிக்கு இரண்டு வெள்ளித் தீவனம் மிச்சம் பிடிக்கப் போய்ப் பட்டியையே காலி செய்துகொள்ள வேண்டாம் என்பதே நம் எண்ணம்.

அடுத்து அரளி. இதைப் பற்றிப் பேசும்போது நமக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் செவ்வரளி பூத்து நிற்பதும், வீட்டு முன்னால் மஞ்சள் அரளி நிற்பதும் நம் மக்களுக்குப் பிடித்த காட்சி. அந்தச் செடியை வெட்டுங்கள் என்று நாம் சொல்லப் போவதில்லை. ஆனால், செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் அரளி எதுவாயினும் இலை, பூ, பட்டை, வேர், விதை எல்லாம் இருதயத்தைத் தாக்கும் நஞ்சு என்பதை அறிந்தே அதை வளர்க்க வேண்டும். ஒரு கைப்பிடி இலையே ஒரு மாட்டைச் சாய்த்துவிடும். காய்ந்தாலும் அந்த நஞ்சு போகாது. மரவள்ளிக்கும் அரளிக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

செடியில் நிற்கும் அரளியை மாடு பெரும்பாலும் தொடுவதில்லை. கசப்பு அதைத் தடுத்துவிடும். ஆபத்து வருவது நம் கையால். திருவிழாவுக்கு முன்பு கோயில் வளாகத்தைத் துப்புரவு செய்யும் இளைஞர்கள் அரளிக் கிளைகளைக் கழித்து, வெட்டிய புல்லோடு சேர்த்து ஒரே குவியலாகக் குவிக்கிறார்கள். இரண்டு நாளில் இலை வாடுகிறது. கசப்பு மாட்டுக்குத் தெரிவதில்லை. புல்லோடு புல்லாக அதுவும் உள்ளே போகிறது. பூசை முடிந்த மாலையை 'பசுவுக்குக் கொடுத்தால் புண்ணியம்' என்று கொண்டுபோய்க் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். மாலையில் அரளி இருந்தால் புண்ணியத்திற்குப் பதில் பசுவைக் கொன்ற பாவந்தான் மிஞ்சும். அரளி தின்ற மாட்டுக்கு வயிற்றுவலியும் கழிச்சலும் காணும், சிலவேளை இரத்தமும் கலந்து போகும். நாடித் துடிப்பு தாறுமாறாகும். அந்த மாட்டை ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. நடக்கவைத்தாலே இருதயம் நின்று விழுந்துவிடக்கூடும். நிழலில் அசையாமல் கட்டிவைத்துவிட்டு, மருத்துவரை அங்கே அழைக்க வேண்டும்.

எருக்கம்பூவும் ஊமத்தையும் இதே போலக் கோயில் சம்பந்தமுள்ளவை. பிள்ளையாருக்குச் சாத்திய எருக்க மாலையைக் கொட்டகைப் பக்கம் போடாதீர்கள். ஊமத்தைக் காயைக் கடித்த நாய்க்குக் கண்ணின் பாவை அகன்றுவிடும், வாய் உலர்ந்து போகும், பித்துப் பிடித்ததுபோல் சுற்றும். வெறிநாய் என்று எண்ணி அதை அடித்துக் கொன்றுவிடவும் கூடும். அதே வேளையில், சந்தேகமுள்ள நாயின் வாயில் வெறுங்கையை விடவும் கூடாது. கட்டி ஒதுக்கி வைத்துவிட்டு மருத்துவரிடம் சொல்வதே முறை.

இனி, உடனே கொல்லாமல் மெல்ல வருத்தும் செடிகளைப் பார்ப்போம். ரயில்பாதை ஓரத்திலும் செம்பனை வெளிகளின் சாலையோரத்திலும் சிவப்பும் மஞ்சளும் கலந்த சிறு பூக்களோடு புதராக மண்டிக் கிடக்குமே, உண்ணிச்செடி. மலாய்க்காரர்கள் அதைக் கோழி எச்சத்தின் பெயரால் 'பூங்ஙா தாயி ஆயாம்' என்று அழைப்பார்கள். இலையைக் கசக்கினால் ஒரு மாதிரி வாடை அடிக்கும். அந்த வாடையாலேயே உள்ளூர் மாடுகள் விலகிப் போகும். புல் இல்லாத காலத்திலும், வேறிடத்திலிருந்து புதிதாக வாங்கிவந்த மாடுகளுக்கும்தான் தொல்லை. இந்தச் செடி ஈரலைக் கெடுக்கிறது. மாடு தீனி எடுக்காது, சாணி போடாது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகும். வெயிலில் நின்றால் மூக்கும், காதும், வெள்ளை மயிர் உள்ள இடங்களும் வெந்தது போலாகித் தோல் உரியும். 'வெக்கை நோய்' என்று எண்ணி மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசிக்கொண்டிருந்தால் போதாது. கேடு தோலில் இல்லை, உள்ளே ஈரலில் இருக்கிறது. உடனே நிழலுக்கு மாற்றி, அந்தத் தீனியை நிறுத்தி, மருத்துவரைக் கூப்பிட வேண்டும். தின்ற நஞ்சு நாட்கணக்கில் முதல் வயிற்றிலேயே தங்கி ஊறிக்கொண்டிருக்கும். அதனால் அவர் பெருமளவு மருந்துக்கரியைக் கரைத்துக் குழாய் வழியாகச் செலுத்துவார்.

இதே மாதிரி வெயில் புண் செம்மறி ஆடுகளிலும் வரும். ஆனால் அங்கே உண்ணிச்செடியே இருக்காது. அப்போது புல்லைச் சந்தேகிக்க வேண்டும். 'சிக்னல் புல்' என்று சொல்லப்படும் பிராக்கியேரியா டெக்கும்பென்ஸ், இந்நாட்டு மேய்ச்சல் நிலங்களில் நன்றாக வளரும் என்று பரப்பப்பட்ட புல். மாடுகள் அதைத் தின்று கொழுக்கின்றன. செம்மறிக்கும், ஓரளவு வெள்ளாட்டுக்கும் அது ஆகாது. அதிலுள்ள சப்போனின் எனும் பொருள் ஈரலைத் தாக்கி, முகமும் காதும் வீங்கி, குட்டிகள் முதலில் மடியும். மாட்டுக்கு நல்லதெல்லாம் ஆட்டுக்கும் நல்லது என்று எண்ணுவது தவறு என்பதற்கு இந்தப் புல்லே சாட்சி. பலவகைப் புல்லும் தழையும் கலந்து கிடைக்கும் இடத்தில் மேயவிட்டால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

'பெத்தாய் பெலாலாங்' என்று நாம் அறிந்த சவுண்டல் தழையும் அப்படித்தான். அருமையான புரதச்சத்து, ஆடு விரும்பித் தின்னும். அது மட்டுமே தீனியாக வாரக்கணக்கில் போனால் மயிர் உதிர்ந்து, உடல் மெலியும். மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

காட்டாமணக்கு வேலி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆடு அதைத் தொடாது என்பதற்காகவே நம்மவர் அதை வேலியாக நட்டார்கள். விதையைத்தான் பிள்ளைகளும் நாய்க்குட்டிகளும் கடிக்கிறார்கள். கடுமையான வாந்தியும் பேதியும் வரும். ஆமணக்கு விதை அதைவிடக் கொடியது. குன்றிமணியோ எல்லாவற்றிலும் கொடியது. பொன் நிறுக்கப் பயன்பட்ட, கருமூக்குள்ள அந்தச் சிவப்பு மணியின் ஓடு முழுதாக இருக்கும்வரை, விழுங்கினாலும் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். ஓடு உடைந்தாலோ, மாலை கோக்கத் துளையிட்டிருந்தாலோ, உள்ளேயிருக்கும் நஞ்சு வெளிப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்து மரத்தடியில் பொறுக்கிவரும் முழுச் சிவப்பான, பெரிய 'சாகா' விதை இதுவன்று. அது வேறு மரம். இரண்டையும் குழப்பிக்கொண்டு பிள்ளையை அடிக்க வேண்டாம்.

வீட்டு வாசலுக்கு வருவோம். பச்சையும் வெள்ளையுமாகப் புள்ளிபோட்ட பெரிய இலைகளோடு சட்டியில் நிற்கும் டைஃபன்பாக்கியா, கெலாடி என்று மலாய்மொழியில் சொல்லப்படும் வண்ணச் சேம்புகள், சுவரில் படரும் மணி பிளாண்ட் ஆகியவை எல்லாம் ஒரே இனம். இவற்றின் சாற்றில் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் போன்ற படிகங்கள் நிறைந்திருக்கின்றன. பல் முளைக்கும் பருவத்து நாய்க்குட்டி ஒரு தண்டைக் கடித்தால் அந்த ஊசிகள் நாக்கிலும் தொண்டையிலும் குத்தி, எச்சில் வழிய வீறிட்டுக் கத்தும். காலால் வாயைத் தேய்த்துக்கொள்ளும். சேம்பு நறுக்கிய கையில் ஏற்படும் அரிப்பை அறிந்த தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாயைத் தண்ணீரால் மெல்லக் கழுவிவிட்டால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். தொண்டை வீங்கி மூச்சுத் திணறினால் மட்டும் உடனே கொண்டுபோக வேண்டும். கள்ளி வகைகளின் பால் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுவதே முதல் வேலை.

பூனை வளர்ப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். பட்டணத்துப் பூக்கடையில் விற்கும் லில்லிப் பூவைப் பூனை உள்ள வீட்டிற்குள் கொண்டுவரவே கூடாது. ஓர் இலையைக் கடித்தாலும், மயிரில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், அந்தப் பூக்குடுவைத் தண்ணீரைக் குடித்தாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். முதல் நாள் வாந்தி எடுத்துவிட்டுத் தேறியதுபோல் காட்டும். மூன்றாம் நாள் கைவிட்டுப் போகும். ஆகவே தேறிவிட்டது என்று நம்பிக் காத்திருக்கக்கூடாது. மற்றொன்று செடி சம்பந்தப்பட்டதல்ல, இருந்தாலும் சொல்லிவிடுகிறோம். காய்ச்சலாக இருக்கிறதே என்று பூனைக்குப் பனடோல் கொடுக்கிறார்கள். ஒரே ஒரு மாத்திரை போதும், பூனையைக் கொல்ல.

நாய்க்குச் செடியைவிட நம் அடுக்களையே ஆபத்து என்று சொல்லத் தோன்றுகிறது. வெங்காயமும் பூண்டும் சமைத்த பின்பும் நாயின் இரத்தத்தை அழிக்கும் குணமுடையவை. சின்ன வெங்காயம் நிறையப் போட்ட மீந்த குழம்பை நாள்தோறும் சோற்றில் பிசைந்து போட்டு, "எவ்வளவு தின்றும் உடம்பில் ஒட்டவில்லையே" என்று கவலைப்படுகிறோம். ஈறு வெளுத்துச் சோர்ந்து கிடக்கும் நாய்க்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நஞ்சு தின்ற பிராணிக்கு வீட்டில் என்ன செய்யலாம்? செய்யக்கூடாததையே முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. உப்புக் கரைசலைக் குடிக்க வைத்து வாந்தி எடுக்கச் செய்வது பழைய வழக்கம். அந்த உப்பே சிறிய நாயைக் கொல்லும். புளித்தண்ணீர், தேங்காய் எண்ணெய், பால், இளநீர் இவற்றை வாயைப் பிளந்து ஊற்றுகிறார்கள். வலிப்பிலோ மயக்கத்திலோ இருக்கும் பிராணிக்கு ஊற்றியது வயிற்றுக்குப் போகாது, நுரையீரலுக்குத்தான் போகும். அடுப்புக்கரியை அரைத்துக் கொடுப்பதும் பயன் தராது. மருத்துவர் கொடுப்பது வேறுவிதமாகப் பதப்படுத்திய கரி.

நாம் செய்யக்கூடியது இவ்வளவே. மீதமுள்ள தழையை அப்புறப்படுத்தி, மந்தையில் உள்ள மற்றப் பிராணிகளை அந்த இடத்திலிருந்து விலக்குங்கள். நோயுற்றதை நிழலில் அமைதியாக வைத்து, தலை சற்று உயர்ந்திருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். எதைத் தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் செடியின் ஒரு கிளையை இலையும் பூவும் காயுமாக ஒடித்துப் பையில் போட்டுக் கையோடு கொண்டு செல்லுங்கள். "ஏதோ ஒரு பச்சைச் செடி, டாக்டர்" என்று சொன்னால் எந்த மருத்துவராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆடு மாடுகளுக்குக் கால்நடைச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகங்கள் இருக்கின்றன. 'வெட்டரினார்' என்ற பெயர்ப்பலகையைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொலைபேசி எண்ணை நல்ல நாளிலேயே கேட்டு வாங்கிக் கொட்டகைத் தூணில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சாகும் தறுவாயில் உள்ள ஆட்டை, 'உயிர் போவதற்குள் அறுத்துவிட்டால் கறியாவது மிஞ்சும்' என்று அறுப்பது நம்மிடையே உள்ள வழக்கம். நஷ்டத்தில் பாதியையாவது மீட்கலாம் என்ற ஏழையின் கணக்கு அது, நமக்கு அது புரியாமல் இல்லை. ஆயினும் காரணம் தெரியாத சாவில் அந்தக் கறி வேண்டவே வேண்டாம். குடலை நாய்க்கும் போட வேண்டாம். ஏனென்றால், கொன்றது செடியா, வேறு ஏதாவதா என்று அந்த நேரத்தில் நமக்குத் தெரியாது. களைக்கொல்லி மருந்தடித்த வெளியில் மேய்ந்திருக்கலாம். பாராக்குவாட் எனும் மருந்து மலேசியாவில் 2020 சனவரி முதல் தேதியிலிருந்து முற்றாகத் தடைசெய்யப்பட்டிருந்தாலும், வேறு மருந்துகள் பயன்பாட்டில் உள்ளன. பழைய கலன்களைச் சிலர் கொட்டகை மூலையில் இன்னமும் வைத்திருக்கலாம். செம்பனை வெளியில் எலிக்கு வைக்கும் மருந்தை நாய் தின்றால் அன்றே சாகாது. இரண்டு மூன்று நாள் கழித்து ஈறிலும் மூக்கிலும் இரத்தம் கசியும். அதற்கு வைட்டமின் கே என்னும் மாற்று மருந்து உண்டு, நேரத்தோடு போனால் பிழைக்கும்.

செத்த பிராணியை உடனே புதைத்துவிடாமல், அதே நாளில் கால்நடை அலுவலகத்திற்குத் தெரிவியுங்கள். அவர்கள் வயிற்றைத் திறந்து, உள்ளே இருக்கும் தழையைப் பார்த்தே பல வேளைகளில் காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். தேவையானால் ஆய்வுக்கூடத்திற்கும் அனுப்பி வைப்பார்கள். அந்த விடை வரும்வரை பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒன்றும் கேட்காதீர்கள். வயிற்றில் மரவள்ளித் தோல் இருந்தது என்று தெரிந்தால், அதை அவரிடமும் சொல்லுங்கள். அவர் கொட்டகையிலும் ஆடு கட்டியிருக்கும்.